பேகன் மலையில் முதிர்ந்த இல்லறங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் பழனிமலையைப் பற்றிப் பேசுக என்று பணித்தார்கள். மலை பெரிது, கிடைத்த நேரம் சிறிது. எனவே அம்மலையில் முதுமை கண்ட சில இல்லறங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடல் கடந்து வந்து, கிறித்தவ மிஷன் பணியில் வாழ்நாளைக் கழித்த அமெரிக்கத் தம்பதியரின் இல்லறங்கள் அவை. அவர்கள் கொண்டுவந்த சமயத்தை ஆராய்வது என் நோக்கம் அன்று. அவர்கள் வாழ்வால் தமிழுக்கு என்ன வந்தது, அந்த வரவில் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்பதே இங்கு நான் எழுப்பும் வினா.

இந்த வினா நம் மரபுக்குப் புதியதன்று. பழனிமலையைச் சூழ்ந்த நாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் என்று பள்ளிப் பிள்ளைகளும் அவனை அறிவர். ஆனால் புறநானூற்றில் அவனைப் பற்றி அமைந்த பாடல்களில் ஒரு தொகுதி வேறு செய்தியைக் கூறுகிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர் நால்வர் அவன்பால் சென்று அவளுக்காகப் பேசினர். பசி தீர்க்க வரவில்லை, பொருள் வேண்டி வரவில்லை, அவள் துயர் தீர்ப்பதே எமக்கு நீ தரும் பரிசில் என்னும் பொருள்படப் பாடினர். பெயர் பெற்ற கணவனிடம் சென்று, பெயரற்றுப் போகவிருந்த மனைவியை நினைவூட்டியவர்கள் இம்மலை நாட்டைப் பாடிய புலவர்கள். இன்று நான் செய்ய முயல்வதும் அத்தொழிலின் ஒரு சிறு பகுதியே.

ஒரு கப்பலில் நான்கு இல்லறங்கள்

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் மிஷன் பணிக்காக நான்கு இளந்தம்பதியர் வந்தனர். மிரோன் வின்சுலோவும் ஹாரியட்டும், லீவை ஸ்போல்டிங்கும் மேரியும், ஹென்றி உட்வர்டும் லிடியாவும், மருத்துவர் ஜான் ஸ்கட்டரும் ஹாரியட்டும் என அந்நால்வகை இல்லறங்களையும் வரிசைப்படுத்தலாம். கல்கத்தா வழியாக இவர்கள் யாழ்ப்பாணம் சேர்ந்தனர்.

இந்த எண்மரின் முடிவைத் தொகுத்து நோக்கினால் அக்காலத்து அயல்நாட்டு வாழ்வின் இயல்பு புலப்படும். லிடியா உட்வர்ட் 1825இல் காலமானார். ஹென்றி உட்வர்ட் 1834இல் மறைந்தார். உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கிய ஹாரியட் வின்சுலோ 1833இல் இறந்தார். ஸ்கட்டரின் மனைவி ஹாரியட் 1849இல் சென்னையில் மறைந்தார். ஸ்கட்டர் 1855இல் தென்னாப்பிரிக்காவில் காலமானார். வின்சுலோ தாயகம் திரும்பும் வழியில், 1864இல், அதே தென்னாப்பிரிக்க முனையில் உயிர் நீத்தார். நான்கு இல்லறங்களில் ஒன்று மட்டுமே கணவனும் மனைவியும் சேர்ந்து முழு முதுமை காணும்வரை நிலைத்தது. அது ஸ்போல்டிங் தம்பதியரின் இல்லறம். உடுவிலிலேயே 1873இல் லீவையும், மறு ஆண்டு மேரியும் மறைந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் தமிழ் மண்ணில் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

அந்த ஐம்பது ஆண்டுகள் தமிழுக்குத் தந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். 1842இல் மானிப்பாய் மிஷன் அச்சகத்தில் வெளியான யாழ்ப்பாண அகராதி, ஜோசப் நைட் தொடங்கி வைத்த சொற்றொகுப்பின் வழியில் வந்தது. சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துவும் உழைக்க, ஸ்போல்டிங் அதனை முன்னின்று நடத்தினார். 'மானிப்பாய் அகராதி' என்று நாம் வழங்குவது அதனையே. ஹாரியட் வின்சுலோ விட்டுச் சென்ற பெண்கள் பள்ளியை ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்று நடத்தினர். நீண்ட ஆயுள் நீண்ட பணியைத் தந்தது.

அந்த லீவை ஸ்போல்டிங்தான் 1834 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து, அங்கு ஒரு மிஷன் தொடங்க இயலுமா என்று பார்த்துச் சென்றவர். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. பழனிமலைக் கதை இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

மலை தந்த ஆயுள்

மதுரையில் வந்திறங்கியவர்களை வரவேற்றது சாவு. மிஷன் தொடங்கிய மறு ஆண்டிலேயே டாட் ஐயரின் மனைவி லூசி காலமானார். டாட் பின்னர் உட்வர்டின் கைம்பெண்ணாகிய கிளாரிஸாவை மணந்தார். அவரும் 1837இல் இறந்தார். டுவைட் ஐயர் 1844இல் மதுரையில் மறைந்தார். அவருடைய கைம்பெண் மேரியை, முன்னமே ஒருமுறைக்கு மேல் மனைவியை இழந்திருந்த வின்சுலோ மணந்தார். மேரியும் 1852இல் மறைந்தார். இந்த மறுமணங்களைக் காதற் கதைகளாக எண்ணிவிடலாகாது. அயல்நாட்டில் துணையிழந்த ஒருவர் துணையிழந்த மற்றொருவரைப் பற்றிக்கொண்டு எஞ்சிய பணியைத் தொடர்ந்த வரலாறு அது. வாந்திபேதியும் காய்ச்சலும் இல்லறங்களைக் குலைத்தன. எஞ்சியோர் புதிய இல்லறம் அமைத்தனர்.

இதற்கு ஒரு வழி காண வேண்டியிருந்தது. முதலில் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். காய்ச்சல் அங்கும் விடவில்லை. பின்னர் மேற்கே உயர்ந்து நின்ற பழனிமலைத் தொடரை நாடினர். 1821இல் நிலஅளவையாளர் பி.எஸ். வார்டு வெள்ளகவி வழியாக அம்மலை ஏறி வரைபடம் எழுதியிருந்தார். 1845இல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், நீபோ மலையின் அடியில், சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் எழுந்தன. ஆறு அமெரிக்கக் குடும்பங்கள் அங்குக் கோடையைக் கழித்தன. கொடைக்கானல் என்னும் நகரின் தொடக்கம் இவ்விரு வீடுகளே. ஆட்சியாளரின் கோடை வாசத்துக்கென்றோ, படைவீரரின் ஓய்வுக்கென்றோ தோன்றாமல், மனைவியையும் மக்களையும் சாவிலிருந்து காக்க விரும்பிய குடும்பங்களால் தோன்றிய மலைநகர் அது. அதே 1845இல்தான், திருமங்கலத்தில் டிரேசி ஐயர் நடத்திவந்த கல்விச்சாலை பசுமலைக்கு மாறியது என்பதும் நினைக்கத்தக்கது. அக்கல்விச்சாலையின் வழித்தோன்றலே இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி.

மலை ஒன்றே அவர்களைக் காத்தது என்று கூறினால் மிகையாகும். கொயினா மருந்தும், 1875இல் மதுரை வரை வந்த இருப்புப்பாதையும், தூய குடிநீர் பற்றிய அறிவும் தத்தம் பங்கைச் செய்தன. எனினும் 1845க்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1837இல் வந்த வில்லியம் டிரேசி 1877 வரை வாழ்ந்தார். 1847இல் மனைவி சார்லட்டுடன் வந்த ஜான் எடி சாண்ட்லர் 1894 வரை வாழ்ந்தார். 1859இல் வந்த மருத்துவர் எட்வர்ட் செஸ்டர் 1902இல் திண்டுக்கல்லிலேயே மறைந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்த வாழ்வுகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டன. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். நாற்பது ஆண்டு இம்மலைக்கு வந்து போனவர் அப்பூவை மூன்று முறையேனும் காணும் வாய்ப்புப் பெற்றவர்.

இங்கு நம் இலக்கணத்தையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். மலைக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டு, அதற்குப் புணர்தலை உரிப்பொருளாக வைத்தனர் நம் முன்னோர். அது இளமையின் திணை. முதுமைக்கு எனத் தனித்திணை இல்லை. எனினும் தொல்காப்பியர் முதுமையை மறந்தாரல்லர். காமம் நிறைவெய்திய கடைக்காலத்தில், தலைவனும் தலைவியும் சுற்றத்தோடு கூடிச் சிறந்த நெறியில் தம்மைப் பழக்கிக்கொள்வதே கடந்த வாழ்வின் பயன் என்று கற்பியலில் கூறிச் செல்கிறார். மலையில் முதிர்ந்த இந்த இல்லறங்களை அந்நூற்பாவின் வழியே நோக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் சுற்றத்தோடு கூடி என்றார். இவர்களுடைய சுற்றமோ கடலுக்கு அப்பால் இருந்தது.

வைகையில் முடிந்த இல்லறம்

முதிராமல் போன ஓர் இல்லறத்தைக் கூறினால்தான் முதிர்ந்தவற்றின் அருமை விளங்கும்.

டேவிட் காய்ட் ஸ்கட்டர் என்னும் இளைஞர், மனைவி ஹாரியட்டுடன் 1861இல் மதுரைக்கு வந்தார். பழனிமலையின் அடியில் உள்ள பெரியகுளம் அவருக்குப் பணியிடமாயிற்று. 1861 டிசம்பரில் மதுரையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. 1862 நவம்பரில் வைகை பெருக்கெடுத்திருந்த வேளையில், ஆற்றைக் கடக்க முயன்ற அவரை வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 27. இளங்கைம்பெண் தன் கைக்குழந்தையுடன் அமெரிக்கா திரும்பினார்.

அவருடைய சகோதரர் ஹோரஸ் ஸ்கட்டர், டேவிட்டின் வாழ்க்கையையும் கடிதங்களையும் 1864இல் நூலாக்கினார். அந்தக் குழந்தை விடா டட்டன் ஸ்கட்டர் என்னும் பெயருடன் வளர்ந்து, வெல்லஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராகவும், உழைப்பவர் உரிமைக்குக் குரல் கொடுத்த எழுத்தாளராகவும் விளங்கி 1954 வரை வாழ்ந்தார். மதுரை மண்ணில் பிறந்த ஓர் எழுத்தாளர் அவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஓராண்டில் முடிந்த பணிக்கு ஒரு நூல் கிடைத்தது. கைக்குழந்தையோடு தனியே நின்று, அக்குழந்தையைப் பேராசிரியராக ஆக்கிய அன்னை அந்நூலில் நாயகியல்லர்.

அகராதியும் முதுமையும்

கவிதை இளமையிலும் வரும். அகராதி அப்படி வருவதில்லை. ஒரு சொல்லைப் பல வாயில் கேட்டு, பல ஏட்டில் கண்டு, பல காலம் ஐயுற்று, பின்னரே பொருள் எழுத வேண்டும். அதற்கு ஆண்டுகள் தேவை. ஆயுள் தேவை. ஆகவேதான் மிஷன் வரலாற்றில் அகராதி எழுதியவர்கள் முதியவர்களாக இருக்கக் காண்கிறோம்.

வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. 67,452 சொற்கள் கொண்டது. அப்போது வின்சுலோவுக்கு வயது எழுபதுக்கு மேல். இராமாநுச கவிராயர், விசாகப்பெருமாளையர் முதலிய தமிழறிஞரின் துணை அதற்கு இருந்தது.

அடுத்த தலைமுறையின் பெருஞ்செயல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1913இல் அதன் பணி தொடங்கியபோது பதிப்பாசிரியராக அமர்ந்தவர் ஜான் ஸ்கட்டர் சாண்ட்லர். முன்னர்க் குறிப்பிட்ட ஜான் எடி சாண்ட்லர், சார்லட் தம்பதியரின் மகன் இவர். 1849இல் மதுரையில் பிறந்தவர். படிப்பதற்காக அமெரிக்கா சென்று, மிஷன் பணியாளராகத் திரும்பி வந்தவர். பேரகராதிப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 64. பிறர் ஓய்வு கொள்ளும் பருவத்தில் இவர் 'அ' என்னும் எழுத்தில் தொடங்கினார். ஐந்தாண்டுகளில் முடியும் என்று மதிப்பிட்ட பணி அது. மதுரையில் தொடங்கிச் சென்னைக்கு மாறிய அவ்வலுவலகத்தில் மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். 1922இல், 73ஆம் வயதில், சாண்ட்லர் ஓய்வு பெற்றார். 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக அமர்ந்து பணியை நிறைவுக்குக் கொண்டுவந்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அது வெளிவந்தது. பின்னர் அனுபந்தமும் வெளியாயிற்று. அனுபந்தத்தையும் சேர்த்து 1,17,762 சொற்கள். ஆறாம் தொகுதி முற்றுப்பெறுவதைக் காணாமலே 1934இல் சாண்ட்லர் மறைந்தார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். சாண்ட்லருக்குத் தமிழ், நூலில் கற்ற மொழியாக மட்டும் இருந்திருக்க இயலாது. மதுரையில் பிறந்த குழந்தை அது. வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரின் பேச்சில்தான் அதன் செவி திறந்திருக்கும். அந்தக் குழந்தை உயிரோடு வளர்ந்தது என்பதே அக்காலத்தில் எளிய செய்தியன்று. பங்களாக்கள் எழுந்து நான்காண்டுகளுக்குப் பின் பிறந்த அவ்வுயிரைக் கோடைதோறும் காப்பதற்கு ஒரு மலை இருந்தது. காத்துச் சுமக்க ஓர் அன்னை இருந்தார். பேரகராதியின் முன்னுரையில் அறிஞர் பலர் பெயர் உண்டு. சார்லட் சாண்ட்லருக்கு அதில் இடம் ஏது? எனினும் அந்த அகராதிக்கு அவரும் ஒரு காரணர் என்றே நான் கருதுகிறேன்.

ஏட்டில் இல்லாத பெயர்கள்

அக்கால மிஷன் பதிவேடுகளில் கணவர் 'மிஷனரி'. அவருடன் அதே கப்பலில் வந்து, அதே மொழியைக் கற்று, பள்ளி நடத்தி, நோயாளரைப் பேணி, அதே மண்ணில் புதைக்கப்பட்ட மனைவி 'துணை மிஷனரி'. நூல்களின் முகப்பில் அவர் பெயர் இராது. கடிதங்களில் 'என் மனைவி நலம்' என்ற ஒரு வரியில் அவர் வாழ்ந்து முடிவார்.

அவர்கள் சுமந்த துயர்களுள் தலையாயது பிள்ளைப் பிரிவு. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டனர். கப்பலில் மாதக்கணக்கில் ஆகும் பயணம். திரும்பக் காணும்போது மகன் மீசை முளைத்தவனாக இருப்பான். மகள் மணப்பருவம் எய்தியிருப்பாள். சிலர் திரும்பக் கண்டதே இல்லை. நம் அக இலக்கியத்தில் மகளை உடன்போக்கில் இழந்த நற்றாயின் புலம்பல் உண்டு. தானே மகளைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பும் தாய்க்குத் துறை வகுத்தவர் இல்லை.

இத்துயருக்கு விடையாகவே 1901இல் கொடைக்கானலில் ஒரு பள்ளி தோன்றியது. ஹைகிளர்க் என்னும் பழைய விடுதியில் 13 பிள்ளைகளுடன் அது தொடங்கியது. அதனைத் தொடக்கத்தில் தாங்கி நின்றவர் மார்கரெட் எடி என்னும் மூதாட்டி. இந்தியாவில் பணியாற்றிய தம் மகன் ஷெர்வுட் எடியைக் காண வந்த கைம்பெண் அவர். மகனைப் பிரிந்த தாயின் துயர் இன்னதென்று அறிந்த ஒருவரே அப்பள்ளிக்கு வாய்த்தது பொருத்தம். இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்து நிற்பது அதுவே.

சாண்ட்லர் குடும்பத்தின் பெண்வழியில் வந்த ஒருவரையும் இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். சார்லட் சாண்ட்லர் விக்காஃப் என்பது அவர் பெயர். 1893இல் பிறந்தவர். தென்னார்க்காட்டு முட்டத்தூரில் உழவர் பிள்ளைகளுக்காகப் பண்ணைப் பள்ளி நடத்தியவர். 1845 முதல் 1945 வரையிலான கொடைக்கானலின் நூற்றாண்டு வரலாற்றை எழுதியவரும் அவரே. அக்குடும்பத்தில் சார்லட் என்ற பெயரில் முதலில் வந்தவர் நூல்களில் இடம் பெறவில்லை. அதே பெயர் கொண்ட பிற்காலத்தவர் மலையின் வரலாற்றையே எழுதினார்.

சுமந்த தோள்கள்

பெயர் விடுபட்டவர்களைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கப் பெண்களோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது.

1910களின் நடுவில் மோட்டார் சாலை பயன்பாட்டுக்கு வரும் வரை, கொடைக்கானலுக்கு எப்படிச் சென்றார்கள்? இருப்புப்பாதை வந்தபின், இன்று கொடை ரோடு என்று வழங்கும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து, மலையடியில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. திடம் உள்ளவர் நடந்தனர். சிலர் குதிரை ஏறினர். முதியவரும் நோயாளரும் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் நாற்காலியிலோ டோலியிலோ அமர்ந்தனர். அவற்றைத் தூக்கிச் சென்றவர்கள் நம்மவர்கள்.

மலை ஆயுளைத் தந்தது என்றேன். அந்த ஆயுளை மலைமேல் கொண்டு சேர்த்தவை இந்தத் தோள்கள். தூக்கியவருக்குக் கூலி கிடைத்தது. கோடையில் மலையில் தங்கும் வீடு கிடைக்கவில்லை. சமவெளியில் வாந்திபேதி வந்தபோது அவர்கள் மனைவி மக்கள் சமவெளியிலேயே இருந்தனர். சமையற்காரர், ஆயா, தண்ணீர் சுமந்தவர், முன்ஷியாக அமர்ந்து தமிழ் கற்பித்தவர் என்று ஒவ்வொரு பங்களாவையும் சூழ்ந்து ஒரு தமிழ்க் குடும்பக் கூட்டம் வாழ்ந்தது. இவர்களிடையேயும் முதிர்ந்த இல்லறங்கள் உண்டு. அவற்றுக்குக் கல்லறைக் கல்கூட இல்லை.

மலையும் மாறியது. மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்சு 1863இல் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். தைலமரமும் சீகைமரமும் வந்தன. புல்வெளியும் சோலையும் பல இடங்களில் சுருங்கின. பளியர் வாழ்ந்த காட்டின் எல்லைகள் அவர்களைக் கேளாமலே வரையப்பட்டன. இவையனைத்துக்கும் மிஷன் குடும்பங்களே காரணம் என்று கூறுவது வரலாறாகாது. ஆனால் முதல் இரண்டு பங்களாக்கள் திறந்த வழியிலேதான் மற்றவை வந்தன என்பதை மறைப்பதும் வரலாறாகாது.

மலையிறங்கிய ஒருவர்

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி மிஷனுக்குள்ளிருந்தே எழுந்தது. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் 1925இல் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்தார். அவர் மனைவி மில்ட்ரெட் ஒரு மருத்துவர். ஏழையரிடையே பணிபுரிய வந்தவர் பங்களாவில் வாழலாமா என்பது கெய்தானின் மனத்தை அறுத்தது. அவர் காந்தியடிகளை நாடினார். காந்தியத் தொடர்பால் 1930இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மீண்டும் வந்தார், 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் மூன்றாம் முறையாகத் திரும்பினார். ஜி. இராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தின் தொடக்கத்தில் துணை நின்றார். 1984இல் மறையும் வரை இம்மண்ணே அவருக்கு ஊர்.

காந்திகிராமம் சிறுமலையின் அடிவாரத்தில் உள்ளது. அன்று காய்ச்சலுக்கு அஞ்சி மிஷன் குடும்பங்கள் விட்டு நீங்கிய மலை அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே அடிவாரத்தை ஓர் அமெரிக்கர் தேடி வந்து தங்கினார்.

அவருடைய வழிகாட்டுதல் பெற்றவர்களுள் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் உண்டு. விடுதலை பெற்ற நாட்டில்தான் மணம் என்று காத்திருந்து 1950இல் இணைந்தவர்கள். பூதான நடைப்பயணத்திலும், பின்னர்க் கீழத்தஞ்சையில் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கிப் பதிந்த பணியிலும் சேர்ந்தே முதிர்ந்தார்கள். 2008இல் அவர்களுக்கு ஸ்வீடனில் 'ரைட் லைவ்லிஹுட்' விருது வழங்கப்பட்டபோது இருவர் பெயரும் ஒருசேர எழுதப்பட்டன. ஜகந்நாதன் 2013இல் மறைந்தார். 'துணை' என்னும் அடைமொழி இன்றி மனைவியின் பெயரும் பதிவேட்டில் ஏறுவதற்கு, இண்டஸ் கப்பல் புறப்பட்ட நாள் முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

நமக்கு உள்ள கடமை

நண்பர்களே, நான் கூறியவற்றின் சாரம் இதுதான். பழனிமலை ஒரு சில இல்லறங்களுக்கு முதுமையைத் தந்தது. அம்முதுமை தமிழுக்குப் பள்ளிகளையும் அகராதிகளையும் தந்தது. அந்த வரவை நாம் நன்றியுடன் ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். ஆனால் நன்றி என்பது முகப்பில் அச்சாகியுள்ள பெயரோடு நின்றுவிடலாகாது. அப்பெயருக்குப் பின்னால் இருக்கும் மனைவி, பண்டிதர், டோலி தூக்கியவர் ஆகிய மூவரையும் அது சென்றடைதல் வேண்டும்.

இவ்வட்டம் கடந்த பத்தாண்டுகளில் கவிதைகளைப் படித்தது, விவாதித்தது, வெளியிட்டது. அடுத்த பத்தாண்டில் ஒரு சிறு பணியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன். நீபோ மலைச்சரிவில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. பசுமலையிலும் திண்டுக்கல்லிலும் பெரியகுளத்திலும் இத்தகையவை உண்டு. மழையும் பாசியும் அக்கற்களில் உள்ள எழுத்துகளைத் தின்று வருகின்றன. விடுமுறை நாள்களில் இருவர் இருவராகச் சென்று அப்பெயர்களைப் படியெடுத்து வரலாம். வெள்ளகவியிலும் தோப்பிலும் வாழும் முதியவர்களிடம், தம் பாட்டனாரும் பாட்டியும் மலைக்கு எதைச் சுமந்தார்கள் என்று கேட்டு எழுதலாம். பளியர் குடியிருப்புகளில் அவர்கள் அம்மலை முகடுகளுக்கு இட்ட பெயர்களைக் கேட்டறியலாம். சன்னிசைடு என்பதற்கு முன்பும் அந்த மேட்டுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அன்றோ? அச்சொற்களில் எத்தனை இன்னும் எந்த அகராதியிலும் ஏறாமல் இருக்கின்றனவோ!

கவிஞர்களுக்கு ஒரு சொல். பேகன் முன் நின்ற நால்வரும் அவன் கொடையைக் குறைத்துப் பேசவில்லை. மயிலுக்கு ஈந்தவன் என்பதை மறுக்கவும் இல்லை. அக்கொடையை அறிந்துகொண்டே, வாயிலில் நின்ற கண்ணகியையும் பார் என்றார்கள். புகழ்வதும் கேட்பதும் ஒரே பாட்டில் இயலும் என்று காட்டியவர்கள் அவர்கள். நாள்தோறும் நாம் புரட்டும் பேரகராதியின் முன்னும் அவ்வாறே நிற்கக் கற்போம்.